ஏழும் எட்டும்

அந்தப் பை மேல காலு வெச்சுராதீங்கண்ணா. இல்லை இல்லை, படலை, பரவாயில்லை. உள்ள ஒயருதானுங்க இருக்குது. ஆனா ஒவ்வொண்ணும் நானே உக்காந்து ஈயம் வெச்சுப் பத்தவெச்சது. அழுத்தம் பட்டா உள்ளுக்குள்ள விட்டுப்போயிரும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. இருங்க, மடியிலயே வெச்சுக்கறேன்.

ரயில்வே கேட்டைச் சாத்திப் பத்து நிமிசமாச்சு. ரயிலையும் காணோம், பஸ் டிரைவரும் இஞ்சினை அமத்திட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. உங்களுக்கும் அவசரம்போல. ஏறுனதிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பாக்கறீங்க. நீங்க என்ன வேலைங்கண்ணா? மில்லுங்களா, கடைங்களா? சரி, எதுவா இருந்தா என்ன. நான் டிரைவர் எழுதறவனுங்க. சிரிக்காதீங்க. ஓட்டறவன் இல்லை, எழுதறவன்.

கம்ப்யூட்டருல ஒரு மெஷினை மாட்டுனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசோணுமில்லீங்களா? அந்தப் பேச்சை வாங்கறதுக்குன்னு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு புரோகிராம் இருக்கும். அதுக்குப் பேருதான் டிரைவர். ஆஸ்பத்திரி லேபுல ரத்தம் எண்ணற மெஷின் பாத்திருப்பீங்க. ஊசியில எடுத்த ரத்தத்தை அதுல குடுத்தா சிவப்பணு இத்தனை, வெள்ளையணு இத்தனை, பிளேட்லெட் இத்தனைன்னு சொல்லும். அதை ஒயரு வழியா கம்ப்யூட்டரு வாங்கி ரிப்போர்ட்டு அடிச்சுக் குடுக்கும். அந்த ஒயருக்கு இந்தப் பக்கம் நிக்கறது என் டிரைவர். பதினெட்டு வருசமா இதே வேலைதானுங்க. என் டிரைவர்ல தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்லை. இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லை.

ஆனா ஒரு பொம்பளைனால எனக்கு ஒரு வருசமா நிம்மதி இல்லீங்க. தப்பா நெனைக்காதீங்க. அந்தம்மா ஒரு லேப் டெக்னீசியன். பேரு தமயந்தி. ஒரே ஒரு நிமிசம் என்னைப் பேச விட்டிருந்தா எல்லாத்தையும் புரியவெச்சிருப்பேன். விடலை. என் நம்பரைப் பாத்தாலே கட் பண்றாங்க. நியாயமுங்களா இது?

முதல்ல இருந்து சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

மெஷினு கம்ப்யூட்டருக்கு அனுப்பறது ஒவ்வொரு எழுத்தாத்தானுங்க வரும். மொத்தமா வராது. ச, ன், னா, சின்னு பேரு வரும், அப்புறம் வயசு வரும், அப்புறம் நெம்பருங்க வரும். வர்றதை வாங்கி வெக்கறதுக்கு கம்ப்யூட்டருல கொஞ்சூண்டு எடம். கம்ப்யூட்டரு வேற வேலையில இருந்துச்சுன்னு வைங்க, ரிப்போர்ட்டு அடிச்சிட்டு இருக்குதுன்னு வைங்க, அந்த எடம் ரொம்பிரும். ரொம்புனதுக்கப்புறம் வர்ற எழுத்து? போச்சு. காத்துல போச்சு. யாருக்கும் தெரியாது.

அதுக்குத்தான் அந்த ஒயருக்குள்ள தனியா ரெண்டு கம்பி. ஏழாம் நெம்பரு, எட்டாம் நெம்பரு. எழுத்தே போகாது அதுல. 'அனுப்பட்டுமா'ன்னு கேக்கறதுக்கு ஒண்ணு, 'அனுப்பு, நிறுத்து'ன்னு சொல்றதுக்கு ஒண்ணு. என் டிரைவரு என்ன பண்ணும்னா, எடம் முக்கால்வாசி ரொம்புன ஒடனே 'நிறுத்து'ன்னு சொல்லிரும். மெஷினு பேச்சை நிறுத்திக் காத்திருக்கும். எடம் காலியாச்சுன்னா 'அனுப்பு'ன்னு சொல்லும், விட்ட எடத்துல இருந்து வரும். ஒரு எழுத்து சிந்தாது. இந்தத் துண்டை மட்டும் பன்னண்டு நாளு எழுதுனேன். எங்க கம்பெனியில இதைப் படிச்சுப் பாத்த ஆளுக 'நாச்சிமுத்து, இது வேலை'ன்னாங்க.

அந்த ஆஸ்பத்திரி எந்த ஊருன்னு வேண்டாம். மலையடிவாரத்துல ஒரு ஊரு. மூணு வருசம் முன்னாடி மெஷினை மாட்டப் போயிருந்தேன். அன்னிக்கே தொறப்பு விழா. வாழைமரம் கட்டியாச்சு, பதினோரு மணிக்குப் பெரிய டாக்டரம்மா வந்து பட்டனை அமுக்கணும். ஒம்போதரைக்கு மாட்டிப் பாக்கறேன், மெஷினு ஒரு எழுத்து அனுப்பலை. அப்படியே கல்லு மாதிரி நிக்குது. என்னடான்னு பாத்தா, வாங்கிட்டு வந்த ஒயருல மூணே மூணு கம்பி. ஏழும் எட்டும் இல்லவே இல்லை. மெஷினு 'அனுப்பட்டுமா'ன்னு கேக்குது, பதில் சொல்லக் கம்பி இல்லை. அது காத்துக்கிட்டே நிக்குது.

அந்த ஊருல முழு ஒயரு கெடைக்காது. கோயமுத்தூருல இருந்து வரோணும். நான் என்ன பண்ணுவேன்? ஒயருல மெஷின் பக்கத்து மூடியைக் கழட்டி ஏழையும் எட்டையும் ஒண்ணா இணைச்சு ஈயம் வெச்சுட்டேன். அரை இஞ்சு கம்பி. அவ்வளவுதான். இப்ப மெஷினு 'அனுப்பட்டுமா'ன்னு கேக்கும், அது கேட்டதே சுத்தி வந்து 'அனுப்பு'ன்னு அதுக்கே விழும். அது கேள்வி, அதே பதிலு. ஓடுச்சு பாருங்க, ஜோரா ஓடுச்சு. டாக்டரம்மா பட்டனை அமுக்கினாங்க, கேசரி குடுத்தாங்க.

இது தற்காலிகமுங்க. எல்லாருமே செய்யறதுதான். அடுத்த வாரம் முழு ஒயரு கொண்டாந்து மாட்டோணும்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் வேற ஊருல வேலை. நல்லா ஓடறதை எதுக்குத் தொடறதுன்னு விட்டாச்சு. ஒரு நாளைக்கு அம்பது பேருக்கு டெஸ்ட்டு பண்ற லேபு. அந்த அளவுக்கு எடமே ரொம்பாது.

ரொம்புனது போன வருசம்.

போன வருசம் ஐப்பசியில காய்ச்சல் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். டெங்கு. வீட்டுக்கு ஒருத்தர் படுத்திருந்தாங்க. அந்த லேபுல ஒரு நாளைக்கு முந்நூறு டெஸ்ட்டு. கம்ப்யூட்டரு ஒரு பக்கம் ரிப்போர்ட்டு அடிக்குது, ஒரு பக்கம் செல்போனுக்கு அனுப்புது, ஒரு பக்கம் மெஷினு கொட்டிட்டே இருக்குது.

தமயந்தி முதல்ல போன் பண்ணுனது புரட்டாசி கடைசியில. "சார், ஒரு ரிப்போர்ட்டுல பேரு ஒருத்தரோடது, நெம்பரு இன்னொருத்தரோடது மாதிரி இருக்கு சார்"னாங்க. நான் பொறுமையாத்தான் சொன்னேன், "டியூபை மாத்தி வெச்சிருப்பீங்கம்மா"ன்னு. அப்புறம் ஒரு வாரங்கழிச்சு மறுபடி. "சார், நான் மாத்தி வெக்கல. கம்ப்யூட்டரை ஒருதடவை பாருங்க சார்." ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மூணாவது தடவை போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருந்தாங்க. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை போட்டோ வருதுன்னு நெனைக்கறீங்க? தெறந்து பாக்க நேரமில்லை. மூணு தடவைதான் சொன்னாங்க. நாலாவது தடவை சொல்லியிருந்தா பாத்திருப்பேன்.

அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க அவங்களுக்கு ரெண்டாவது மெஷினு ஒண்ணு வந்துச்சு. அதை மாட்டறதுக்கு நான் போனேன். ஒரு வியாழக்கிழமை, காலையில.

வாசல்ல இருந்தே ஆளுங்க. பாயை விரிச்சு வராண்டாவுல படுத்திருக்காங்க. குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில தொங்கவிட்டிருக்காங்க. லேபுக்குள்ள தமயந்தி ஒத்தையாளு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மெலிஞ்ச ஒடம்பு, கண்ணு செவந்து கெடக்குது. என்னைப் பாத்த ஒடனே எந்திரிச்சாங்க.

"வாங்க சார். நல்லவேளை வந்தீங்க. இதை மொதல்ல பாருங்க."

கையில ஒரு ரிப்போர்ட்டு. சன்னாசின்னு ஒருத்தன், வயசு முப்பத்தெட்டு, லோடு ஆட்டோ ஓட்டறவன். அஞ்சு நாளா உள்ள இருக்கான். நேத்து பிளேட்லெட் நாப்பத்தாறாயிரம். இன்னிக்கு ரிப்போர்ட்டுல ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரெண்டாயிரம்.

"நல்லதுதானே"ன்னேன்.

"ஒரே நாள்ல இப்பிடி ஏறாது சார். எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தேன். தேடித் தேடிப் பாத்தாலும் ஒண்ணு ரெண்டுதான் தெரியுது. நெறைய இருந்தா இப்பிடித் தெரியாது சார்."

"கண்ணுல எண்ணறதும் மெஷினுல எண்ணறதும் ஒண்ணுங்களா?"ன்னேன். உண்மைதானே? எத்தனை லட்சம் செலவு பண்ணி மெஷினு வாங்கறது எதுக்கு?

அப்ப டியூட்டி டாக்டரு உள்ள வந்தாரு. நவநீதன்னு பேரு, இருவத்தெட்டு வயசு இருக்கும். சட்டையெல்லாம் வேர்வை. "தமயந்திக்கா, சன்னாசி கவுண்ட் ஓகேவா? பெட்டு வேணும். வெளிய ஒரு கர்ப்பிணி தரையில கெடக்கு"ன்னாரு.

"வேணாம் டாக்டர். சரியாப் படல. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

அவரு ரிப்போர்ட்டைப் பாத்தாரு, அந்தம்மாவைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. "நீங்கதானே சார் சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்து வந்தவரு? உங்க சிஸ்டம் தப்பாக் காட்ட வாய்ப்பிருக்கா?"

ஒரு ஆளு நேருக்கு நேரா கேக்கும்போது என்ன சொல்றதுங்க? எனக்கு என் வேலை தெரியும். "வாய்ப்பே இல்லீங்க டாக்டர்"ன்னேன்.

அவரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டாரு.

தமயந்தி நேரா மெஷினு பக்கம் போனாங்க. அந்த மெஷினுக்குன்னு சின்னதா ஒரு திரை இருக்குது. கடைசி நூறு ஆளுக கணக்கு அதுக்குள்ளயே நிக்கும். பட்டனை அமுக்கி அமுக்கிப் பின்னாடி போறாங்க. நான் புது மெஷினைப் பிரிச்சிட்டு இருக்கேன். ஒரு மணி நேரம் இருக்கும், நடுவுல வேற ரத்தம் வேற வந்துட்டே இருக்குது. அப்புறம் "சார்"னாங்க. சத்தம் போடலை. மெதுவாத்தான் கூப்புட்டாங்க. அந்தக் கொரலு இன்னும் காதுல இருக்குதுங்க.

திரையில சன்னாசி. பிளேட்லெட் பதினெட்டாயிரம். அதுக்கு அடுத்த ஆளு ஒரு ரிட்டையர்டு தபால்காரரு, சும்மா செக்கப்புக்கு வந்தவரு. அவருக்குத்தான் ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரெண்டாயிரம். சன்னாசி பேரு வந்திருக்குது. அவன் நெம்பரு வர்றதுக்குள்ள எடம் ரொம்பிருச்சு. அவன் நெம்பரும் போச்சு, தபால்காரரு பேரும் போச்சு. மறுபடி எடம் கெடைச்சப்ப வந்தது தபால்காரரோட நெம்பரு. ஒருத்தன் தலையும் இன்னொருத்தன் வாலும் சேந்து ஒரு முழு ஆளாயிட்டாங்க.

"சார், அவரைப் பிடிக்கணும்."

"ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க, எதனாலன்னு பாத்துர்றேன்"னேன்.

எதுக்குச் சொன்னேன்னா, காரணம் தெரியாம எப்படிங்க ஓடறது? என் டிரைவரு ஒரு குறிப்பு எழுதிட்டே இருக்கும். எடம் ரொம்பி எழுத்து சிந்துனா அதுல ஒரு வரி போடும். அதைத் தெறந்தேன். நானூத்திப் பன்னண்டு வரி. ஆடி மாசத்திலிருந்து நானூத்திப் பன்னண்டு தடவை சிந்தியிருக்குது. தேதி, மணி, நிமிசம் எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிருக்குது. பாத்தீங்களா, டிரைவரு அது வேலையைச் செஞ்சிருக்குது. நான்தான் தெறந்து பாக்கலை.

நிமிந்து பாத்தா தமயந்தி இல்லை. ரிசப்ஷன்ல நிக்கறாங்க. அவன் குடுத்த போன் நெம்பரு சுவிட்ச் ஆஃப். வார்டுல கேட்டா, கெளம்பி முக்கா மணி நேரமாச்சு, பஸ் ஸ்டாண்டுக்குப் போறதாச் சொன்னான்னாங்க. அந்தம்மா வெள்ளைக் கோட்டோட ஸ்கூட்டியை எடுத்தாங்க. நான் ஏன் ஓடிப்போயி பின்னாடி உக்காந்தேன்னு இன்னும் எனக்கே தெரியலை. லேப்டாப் பையைக் கழுத்துல மாட்டிட்டே உக்காந்துட்டேன். என்ன பண்ணப்போறேன் அங்க? ஒண்ணும் தெரியாது. வழியெல்லாம் நான் பேசிட்டே போறேன். அது கம்ப்யூட்டரு லோடு, இது காய்ச்சல் சீசன், இப்படி யாருக்கு வேணாலும் ஆகும்னு. அந்தம்மா ஹாரனை மட்டும் அடிச்சுட்டே ஓட்டறாங்க.

பஸ் ஸ்டாண்டுல மலைக்குப் போற பஸ்ஸு நிக்குது. ஏறி ஒவ்வொரு சீட்டாப் பாத்தோம். இல்லை. இன்னொரு பஸ்ஸு போயி கால் மணி நேரமாச்சுன்னு டைம் கீப்பரு சொன்னாரு. அதுல போயிருந்தா மலை ஏறியிருப்பான். மேல ஆஸ்பத்திரி கெடையாது. அப்பத்தான் எதிர்த்தாப்புல கடைவாசல்ல ஒரு பொம்பளை, கையில கூடை, கூடையில பிளாஸ்க்கு, ஆஸ்பத்திரி மருந்துக் கவரு. தமயந்திக்கு அடையாளம் தெரிஞ்சுது. சன்னாசி சம்சாரம் பாண்டியம்மா.

"உங்க வீட்டுக்காரரு எங்கக்கா?"

"ஒரு வாரத் தாடிம்மா. புள்ளைங்க பயந்துரும்னு மொகத்தை வழிச்சிட்டு வாறேன்னு உள்ள போயிருக்காரு."

அது சவரக் கடைங்கண்ணா.

நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். கண்ணாடிக்குள்ள எல்லாம் தெரியுது. நாற்காலியில ஒரு ஆளு தலையைப் பின்னாடி சாச்சு உக்காந்திருக்கான், மொகமெல்லாம் நுரை. கடைக்காரரு கத்தியைத் தாடைக்குக் கீழ கொண்டுபோறாரு. தமயந்தி ரோட்டைப் பாக்காம ஓடறாங்க. ஒரு லாரி பிரேக்கு போட்டு நிக்குது. "கத்தியை எடுங்க! அண்ணே, கத்தியை எடுங்க!"ன்னு கத்துன கத்துல பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு.

கடைக்காரரு பயந்து கையை எடுத்தாரு. ஆனா ஏற்கெனவே காதுக்குக் கீழ ஒரு கீறலு. மொளகு அளவு கூட இருக்காது. நமக்குன்னா படிகாரத்தைத் தேச்சா நின்னுரும். அங்க தோள்ல போட்ட துண்டு ஒரு பக்கம் முழுக்கச் செவப்பு. "என்னான்னே தெரியலம்மா, தேச்சுத் தேச்சுப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது"ன்னு அவரு அழுகற மாதிரி சொல்றாரு. சன்னாசி எங்களைப் பாத்துச் சிரிக்கறான். பல்லு நடுவுலயும் ரத்தம். "காலையிலருந்தே ஈறு வடியுது மேடம். நல்லாயிருச்சுன்னு சொன்னாங்களேன்னு நானும் சொல்லல"ன்னான்.

தமயந்தி அந்தக் காதுக்குக் கீழ கையை வெச்சு அமுக்குனாங்க. ஆட்டோவுல ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் எடுக்கலை. பாண்டியம்மா என் கையைப் பிடிச்சுட்டாங்க. "சார், நீங்க டாக்டருங்களா? என்ன சார் ஆச்சு?"ன்னு. நான் டாக்டரு இல்லைன்னு சொல்றதுக்குள்ள ஆட்டோ வந்து சேந்திருச்சு.

பொழைச்சுட்டானுங்க. ஒம்போது நாளு ஐ.சி.யூ. மாவட்டத் தலைநகருல இருந்து பிளேட்லெட் பை வந்து வந்து ஏத்துனாங்க. ரெண்டாம் நாளு நெனைவு தப்பிருச்சு. பாண்டியம்மா லேபு வாசப்படியிலயே உக்காந்திருந்தாங்களாம். ஆனா பொழைச்சுட்டான். அதுதானே முக்கியம்?

அன்னிக்குச் சாயங்காலமே நான் மெஷினுப் பக்கத்து மூடியைக் கழட்டுனேன். அரை இஞ்சுக் கம்பி, என் கையால வெச்ச ஈயம். ரெண்டு வருசத்துல கொஞ்சம் கறுத்திருந்துச்சு. வெட்டி எடுத்துப் பாக்கெட்டுல போட்டேன். புது மெஷினுக்குன்னு கோயமுத்தூருல வாங்கிட்டுப் போன முழு ஒயரை மாட்டுனேன். பின்னாடி தமயந்தி நிக்கறாங்க.

"என்ன சார் அது?"

"லூஸ் கனெக்‌ஷன்மா."

வேற என்ன சொல்றதுங்க? ஏழு, எட்டுன்னு சொன்னா புரியவா போகுது?

அதுக்கப்புறம் ஒரு வாரங்கழிச்சு விசாரணை. பெரிய டாக்டரம்மா ரூமு. தமயந்தி நிக்கறாங்க, நவநீதன் நிக்கறாரு, எனக்கு மட்டும் நாற்காலி போட்டாங்க. டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க, "உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது தப்பு இருந்துச்சா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

இல்லைன்னேன்.

பொய்யுங்களா அது? சொல்லுங்க, பொய்யா? சாஃப்ட்வேர்ல தப்பு இல்லை. டிரைவர்ல ஒரு வரி தப்பு இல்லை. தப்பு இருந்தது ஒயருல. ஒயரைப் பத்தி யாருமே கேக்கலை. கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலு சொன்னேன்.

டாக்டரம்மா அடுத்தாப்புல தமயந்தியைப் பாத்தாங்க. தமயந்தி என்னைப் பாத்தாங்க. சரி, இவன் இன்னும் ஏதோ சொல்லுவான்னு காத்திருந்த மாதிரி இருந்துச்சு. நான் கர்சீப்பு எடுத்து மொகத்தைத் தொடைச்சேன். டாக்டரம்மா பேப்பருல ஏதோ எழுதிட்டு, "டியூபை மாத்தி வெச்சிருக்காங்க. வேலைப்பளு. ஆனாலும் மன்னிக்க முடியாது"ன்னாங்க.

பதினோரு வருசம் வேலை பாத்த எடம். அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அந்தம்மா ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாமில்லீங்களா? மெஷினு திரையில பதினெட்டாயிரம் இருந்துச்சே, அதைச் சொல்லியிருக்கலாமே? ஒரு வாரத்துல நூறு ஆளு என்ன, ரெண்டாயிரம் ஆளு தாண்டிருச்சு, அது அழிஞ்சு போச்சு. சரி. இருந்தாலும் சொல்லியிருக்கலாம். வெள்ளைக் கோட்டைக் கழட்டி மடிச்சு மேசை மேல வெச்சுட்டு அப்படியே போயிட்டாங்க. காலரு பக்கம் அந்த ரத்தக்கறை சலவையிலயும் போகலை, லேசாத் தெரிஞ்சுது.

இப்ப ஏதோ சின்ன லேபுல இருக்கறதாக் கேள்வி. நான் எத்தனை தடவை போன் பண்ணியிருக்கேன் தெரியுங்களா? விளக்கிச் சொல்லத்தான். கட் பண்றாங்க. ஒரு மனுசன் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறதுக்கு என்னங்க கஷ்டம்?

ரயிலு வந்துருச்சு. சரக்கு வண்டி. நீளமாத்தான் இருக்கும்.

இந்த ஒயருங்களா? அதைச் சொல்லலை பாருங்க. அந்த முதல் ஆஸ்பத்திரியில நல்லா ஓடுனதைப் பாத்து எங்க கம்பெனியில அதே மாதிரி ஒயரையே எல்லா எடத்துக்கும் செஞ்சு அனுப்பிட்டாங்க. மாதிரிக்கு நான்தான் ஒண்ணு குடுத்தேன், சரின்னு கையெழுத்தும் போட்டேன். இன்னும் ஒம்போது ஆஸ்பத்திரி. ஒம்போதுலயும் ஏழும் எட்டும் ஒட்டித்தான் இருக்குது. அதான் நானே முழு ஒயரு செஞ்சு, சர்வீஸுக்கு வந்தேன்னு சொல்லி, ஒவ்வொண்ணா மாத்திட்டு வர்றேன். என் சொந்த லீவுல போறனுங்க. யாரும் சொல்லிப் போகலை. அஞ்சு முடிச்சாச்சு.

ஒரு வருசத்துல அஞ்சுதானான்னு கேப்பீங்க. லீவு கெடைக்கோணுமில்லீங்களா? கம்பெனியில சொன்னா ஒம்போது எடத்துலயும் மெஷினை நிறுத்தச் சொல்லுவாங்க, ஏன்னு கேப்பாங்க, பழைய கதையெல்லாம் வெளிய வரும். யாருக்கு என்ன லாபம்? நாலுதான் பாக்கி. இன்னிக்கு ஒண்ணு. நீங்க டிக்கெட்டு எடுத்தீங்களே, அந்த ஊருலதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பெட்ரோல் பங்க்கை ஒட்டுனாப்புல, பச்சைக் கட்டடம்.

ஏங்கண்ணா? என்னாச்சு?

இருங்க. மெதுவாச் சொல்லுங்க. உங்க பொண்ணா?

எத்தனை நாளா? நாலு நாளு. நேத்து கவுண்ட் எத்தனை? முப்பத்தொண்ணு. முப்பத்தோராயிரம். இன்னிக்கு? காலையில எடுத்ததா? ஒரு லட்சத்து எழுவதா? யாரு சொன்னாங்க, உங்க சம்சாரமா? நர்ஸ் சொல்லிச்சா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னாங்களா? அதுக்குத்தான் போறீங்களா?

மணி என்ன இப்ப?

அண்ணா, உக்காருங்க. எறங்கி ஓடி ஒண்ணும் ஆகாது, இன்னும் பதினேழு கிலோமீட்டரு. சரியாக்கூட இருக்கலாம். ஏறும், சில பேருக்கு ஏறும்... இல்லை. நான் அப்படிச் சொல்லலை. நான் ஒண்ணும் சொல்லலை. எனக்குத் தெரியாது. போன் பண்ணுங்க. சம்சாரத்துக்கு இல்லை, லேபுக்கு. ரிசப்ஷன் நெம்பரு இருக்குதுங்களா? அதைப் போடுங்க, லேபு கேளுங்க. பொண்ணை அந்த எடத்தை விட்டு நகத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. ஸ்லைடு போட்டுக் கண்ணுல பாக்கச் சொல்லுங்க. மெஷினு திரையைப் பாக்கச் சொல்லுங்க, கம்ப்யூட்டரை இல்லை.

நீங்க சொன்னா நம்ப மாட்டாங்களா? யாரு சொன்னதுன்னு கேப்பாங்களா?

கேப்பாங்க. ஆமா. கேப்பாங்க.

குடுங்க அந்தப் போனை. குடுங்கண்ணா, நானே பேசறேன். பொண்ணு பேரென்ன? தர்ஷினி. சரி.

ஹலோ. லேபுங்களா? மேடம், போனை வெக்காதீங்க. நான் கம்ப்யூட்டர் கம்பெனி நாச்சிமுத்து பேசறேன். ரெண்டு வருசம் முன்னாடி அங்க மெஷினு மாட்டுனவன். தர்ஷினின்னு ஒரு பொண்ணு, காய்ச்சல் வார்டு. அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க. கம்ப்யூட்டருல இருக்கற எந்த ரிப்போர்ட்டையும் இன்னிக்கு நம்பாதீங்க. ஒயருல நான் ஒரு கம்பி ஒட்டியிருக்கேன். அதனால ஒருத்தர் நெம்பரு இன்னொருத்தருக்குப் போயிரும். போயிருக்குது. ஒரு ஆஸ்பத்திரியில ஒரு ஆளு சாகப் பாத்தான். டெக்னீசியனோட தப்பு இல்லை மேடம், அந்தம்மா கரெக்டாச் சொன்னாங்க, நான்தான்... நீங்க மொதல்ல வார்டுக்கு ஓடுங்க. ஓடுங்க, நான் லைன்லயே இருக்கேன்.

போயிருக்காங்க அண்ணா. பொண்ணு இன்னும் கெளம்பலையாம். பில்லு கவுண்டர்ல நிக்கறாங்களாம்.

இருங்க. இருங்க, வந்துட்டாங்க.

சொல்லுங்க மேடம். பாத்தீங்களா? மெஷினுல எத்தனை காட்டுது?

பத்தொம்போது. சரி. அவங்கப்பா பக்கத்துலதான் இருக்காரு, சொல்லிர்றேன். பெட்டுல படுக்கவெச்சாச்சா? சரிங்க மேடம்.

ஆமாங்க. எழுதிக்குடுக்கறேன். பெரிய டாக்டரு முன்னாடி வந்து சொல்றேன், யாரு கேட்டாலும் சொல்றேன். என்ன மேடம்? கேக்கலை, ரயிலு சத்தம். எப்பத்திலிருந்தா?

ஒரு வருசமாத் தெரியும் மேடம்.